நாலேகால் வண்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சருக்கு நேரம் குறித்த மகராசன் யாராக இருந்தாலும், அவன் அச்சகத்தில் வேலை பார்த்தவன் இல்லை என்பது காந்திமதியின் தீர்மானமான கருத்து. ஏழே முக்காலுக்குக் கிளம்பும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் நின்று நலம் விசாரித்துவிட்டு, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் விழுப்புரத்தில் இறக்கிவிடும். அச்சகம் திறப்பதோ பத்து மணிக்கு. அடுத்த வண்டியில் வரலாமென்றால் அது பதினோரு மணிக்குத்தான் வந்து சேரும். ஆகவே தினம் ஒரு மணி நேரம் பூட்டிய கதவுக்குக் காவல். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டால் ஆறே முக்காலுக்கு வண்டி; திண்டிவனம் போக எட்டாகிவிடும். பதின்மூன்று மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருந்து எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு.

அவளுக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. கம்பாசிட்டர்கள் எழுத்துக் கோத்து முதலில் எடுத்துத் தரும் தாளில் பிழை திருத்த வேண்டும். இதை ஒரு ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளில் வரி வரியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். படிக்கிறவர் சவுரிராயன். அவரும் திண்டிவனம்தான், அதே வண்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வாசகம் படித்துப் பழகிய குரல். மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையைக்கூட வேதாகமம் மாதிரிதான் படிப்பார்.

காந்திமதிக்கு இந்த வேலை பிடித்திருந்தது. கொம்பு விட்டுப்போன எழுத்து ஒன்று பக்கத்தின் மூலையில் பதுங்கியிருந்தாலும் அவள் கண் அதைப் பிடித்து இழுத்துவிடும். அந்த நேரத்தில் வருகிற சந்தோஷம் வேறு எதிலும் அவளுக்கு வந்ததில்லை. ஆனால் வீட்டில் ஜெயம் இருந்தாள். மூன்று வயது. காலையில் தூங்குகிற குழந்தையைப் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள், இரவு தூங்குகிற குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயம் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். காந்திமதி கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். குழந்தை அவளைத் தாண்டி, "அம்மா அம்மா" என்று அழுதுகொண்டே லட்சுமியம்மாள் வீட்டுக்குள் ஓடிவிட்டது.

அவள் கணவன் சீனுவாசன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவனுக்கு அரிசி மண்டியில் வேலை, ஒன்பது மணிக்கு மேல்தான் கடை சாத்துவார்கள். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "தை வரைக்கும் பாரு காந்தி. இப்டியேதான் இருக்கும்னா வேலைய வுட்டுடு" என்றான். பெற்ற பிள்ளை யாரையோ அம்மா என்கிறது, அதற்கு மேல் என்ன வாதம் செய்வது?

ஐப்பசியில் அச்சகத்துக்கு வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதி, ஊர் ஊராகப் பெயர்கள். முதலாளி பாண்டுரங்கன் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். காந்திமதி அதுதான் சமயமென்று போய் நின்றாள்.

"சார், வண்டியில ஒரு மணி நேரம் சும்மாதான் குந்திக்கினு வர்றோம். அண்ணன் படிக்கட்டும், நான் பாக்கறேன். ஒம்பது மணிக்கு நீங்க கதவத் தெறந்துட்டீங்கன்னா, நாலு மணிக்கு எங்க வேலை முடிஞ்சிடும். நாலேகால் வண்டியப் புடிச்சி, அதுலயும் பாத்துக்கினே போயிடுவோம். கூட்டிப் பாருங்க, ஒங்களுக்கு ஒரு மணி நேரம் ஜாஸ்திதான் கெடைக்கும்."

"வண்டி இன்னா நம்ம ஆபீஸா?"

"இல்லீங்க சார். வேலை நம்ம வேலைதானுங்களே."

பாண்டுரங்கன் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பட்டியல் கொடுத்த ஆபீஸ் கிளார்க் தினமும் ஐந்து மணிக்கு அச்சகத்துக்கு வந்து போவார். மூலப்பிரதியில் சந்தேகம் எதுவும் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். போட்டவர் அன்றைக்கு ஐந்து மணி வரை இருந்து, கிளார்க்கிடம் விரல் வைத்துக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிற கதையெல்லாம் வேண்டாம், அப்படி ஒருமுறை பட்டாகிவிட்டது என்றார். கேள்விக்குறி புரூஃப் பார்க்கிறவர் பொறுப்பு. படிக்கிறவருக்கு அதில் பங்கில்லை.

ஆக, கேள்விக்குறி இல்லாத நாளில் நாலேகால் வண்டி. இருக்கிற நாளில் பழையபடி ஆறே முக்கால். காந்திமதிக்கு இதுவே போதும் என்றிருந்தது.

நாலேகால் வண்டி ஐந்தரைக்குத் திண்டிவனம் சேர்ந்தது. வெயில் இன்னும் கூரை மேல் கிடக்கும். முதல் வாரம் ஜெயம் அவளை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டாவது வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் ஒருநாள் காந்திமதி தெருமுனையில் திரும்பும்போதே "எங்கம்மா வந்துட்ச்சி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். லட்சுமியம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்கலாம், காந்திமதிக்கு அதையெல்லாம் பார்க்க அன்றைக்குக் கண் இல்லை. தை பற்றிச் சீனுவாசன் பேசுவதையே விட்டுவிட்டான்.

வண்டியில் நடந்த வேலை வேடிக்கையாக இருந்தது. சவுரிராயன் குரல் அடங்குகிற குரலா? "வரிசை எண் நூற்றுப் பன்னிரண்டு! அப்பாதுரை! தகப்பனார் பெயர் அரங்கநாதன்! வயது நாற்பத்தொன்று!" என்று அவர் முழங்கியதும் பெட்டியே திரும்பிப் பார்க்கும். பட்டியலில் இருந்தது வண்டி நிற்கிற ஊர்களும் அக்கம்பக்கத்துக் கிராமங்களும்தான். யார் பெயரைப் படித்தாலும் அவரைத் தெரிந்த ஒருவர் பெட்டியில் இருப்பார்.

"அப்பாதுரைக்கு நாப்பத்தொண்ணா? அவன் பேத்திக்குக் காது குத்தியாச்சிங்க!"

"மாசிலாமணி இப்ப அந்த வூட்ல இல்லியே, பொண்ணு குடுத்த எடத்துக்கே போயி செட்டில் ஆயிட்டாரு."

காந்திமதி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள், எதையும் மாற்ற மாட்டாள். பேப்பரில் இருப்பது எதுவோ அதுதான் அச்சில் வர வேண்டும். அப்பாதுரைக்கு எண்பது வயதானாலும் பிரதி நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்றுதான். இதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அதில் அவள் கெட்டி.

கார்த்திகையில் பேரணிப் பட்டியல் வந்தது. பிரதி எழுதினவர் கை மோசம். திங்கட்கிழமை ஒரு கேள்விக்குறி, செவ்வாய்க்கிழமை இரண்டு. இரண்டு நாளும் காந்திமதி ஐந்து மணிவரை காத்திருந்து கேட்டுவிட்டு ஆறே முக்கால் வண்டியில் போனாள். செவ்வாய் இரவு அவள் போனபோது ஜெயம் லட்சுமியம்மாள் மடியில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். தூக்கப் போனதும் கையைத் தட்டிவிட்டு, "நா எங்கம்மாகிட்ட தூங்கறேன்" என்று லட்சுமியம்மாள் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டே நாள். இத்தனை வாரம் சேர்த்தது இரண்டு நாளில் போய்விடுமா என்று காந்திமதி ராத்திரியெல்லாம் புரண்டாள்.

புதன்கிழமை காலை. வண்டி பேரணியை விட்டுக் கிளம்பியிருந்தது. பேரணியில் ஏறுகிற அஞ்சம்மாள் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். சவுரிராயன் படித்தார்.

"வெள்ளையம்மாள். கணவர் பெயர் முருகையன். வயது ஐம்பத்திரண்டு." பிறகு குரலை இறக்கி, "ம்மா, இது மேல ஒரு கோடு கீதே" என்றார்.

காந்திமதி வாங்கிப் பார்த்தாள். பெயரின் மேல் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. நீக்க வேண்டிய பெயர்களைச் சிவப்பு மையில் பளிச்சென்று அடித்திருப்பார்கள். இது அடித்ததா, அடிக்காததா என்று சொல்ல முடியவில்லை. நேராகக் கேள்விக்குறி போட வேண்டிய இடம்.

"ஆரு, முருகையன் பொண்டாட்டி வெள்ளையம்மாவா?" என்றாள் அஞ்சம்மாள். "அது போய்ச் சேந்து மூணு மாசம் ஆவுதே. ஆவணியில கருமாதி சோறு நானே துன்னுட்டு வந்தேன்."

காந்திமதியின் பென்சில் ஓரத்தில் நின்றது. கேள்விக்குறி போட்டால் மூன்றாவது நாளும் ஆறே முக்கால். புடவையில் புதைந்த அந்த முகம் கண்ணில் வந்து நின்றது.

"கேள்விக்குறி போட்டுக்கம்மா" என்றார் சவுரிராயன்.

"எதுக்கண்ணே? கோடும் கீது, இவங்களும் சொல்றாங்க. அப்புறம் கிளார்க்கு வந்து இன்னா புதுசா சொல்லப் போறாரு?"

நீக்கக் குறி போட்டாள். ஒரு பெயரை எடுத்தால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனை வரிசை எண்ணும் மாறும். அவற்றையும் கைவலிக்கத் திருத்தினாள். அன்று நாலேகால் வண்டியைப் பிடித்தாள். ஜெயம் தெருமுனைக்கு வரவில்லை, ஆனால் வாசலில் நின்றிருந்தாள். தூக்கியதும் வந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, திரும்புகிற நாலேகால் வண்டியில் அஞ்சம்மாள் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியது. அஞ்சம்மாள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ வெள்ளையம்மா! இங்க வா, எடம் கீது!"

தலையில் சும்மாடும் கையில் தூக்குச் சட்டியுமாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல திடகாத்திரமான பெண்பிள்ளை. காந்திமதி பென்சிலைக் கீழே வைத்தாள். பேரணியில் எத்தனையோ வெள்ளையம்மாள் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க?"

"பேரணிதாம்மா."

"வூட்டுக்காரர் பேரு?"

அந்தப் பெண்பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது. கட்டினவன் பெயரை வாயால் சொல்கிற வழக்கமா அது? "அதான், பழனி மலை மேல நின்னுக்கினு கீறாரே, அவரு பேருதான்" என்றாள்.

"முருகையன்" என்று அஞ்சம்மாள் எடுத்துக் கொடுத்தாள். "எங்க ஊர்ல ரெண்டு முருகையன்மா. அண்ணன் தம்பி புள்ளைங்க, ரெண்டு பேருக்கும் தாத்தா பேரையே வெச்சிட்டாங்க. அதுல பாரு, கட்டிக்கினதும் ரெண்டும் வெள்ளையம்மாளாவே அமைஞ்சிட்ச்சி! பெரிய முருகையன் பொண்டாட்டிதான் போயிட்ச்சி, பாவம். இவ சின்ன முருகையன் பொண்டாட்டி. இவ எங்க போவா, கல்லு மாதிரி கீறா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சவுரிராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காந்திமதி மடியிலிருந்த கட்டைப் பார்த்தாள். அதில் எந்த ஊர்ப் பட்டியல் இருந்தது என்றே அவளுக்கு ஏறவில்லை. பேரணிப் பட்டியல் அச்சாகிவிட்டது. தைத்து, கட்டி, அடுக்கியாகிவிட்டது. திங்கட்கிழமை போகப் போகிறது.

பேரணியில் அவர்கள் இறங்கினதும் சவுரிராயன் மெதுவாகச் சொன்னார்: "கம்முனு வுட்டுடு. கோடு போட்டது நாமளா? ஆருக்கும் தெரியாது. கேட்டா பிரதியில அட்ச்சிருந்துச்சின்னு சொல்லிக்கலாம்."

அவர் சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. ஒரு ஓட்டு, அதுவும் பஞ்சாயத்து ஓட்டு. சொன்னால் நாலேகால் வண்டி போய்விடும். அது போனால் தை வரும். தை வந்தால் வேலையும் போகும். யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயருக்காகத் தன் குழந்தையை மறுபடி பக்கத்து வீட்டில் விட வேண்டுமா? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அஞ்சம்மாள் மேல், அந்தத் தாத்தா பெயர் வைத்தவர்கள் மேல், கோடு போட்டவன் மேல். எல்லார் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோபம் கடைசியில் அவளிடமே வந்து உட்கார்ந்துகொண்டது. கோட்டைப் பார்த்தபோதே சந்தேகம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பாண்டுரங்கன் கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் சொல்லிவிட்டாள். இருட்டில் சொல்வது சுலபமாக இருந்தது.

அவர் விளக்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "கேள்விக்குறி ஏன் போடல?"

"நாலேகால் வண்டி போயிடுங்க சார். முன்ன ரெண்டு நாளும் போயிட்ச்சி."

"அவங்க போட்டுருப்பாங்க சார், நாந்தான்..." என்று சவுரிராயன் ஆரம்பித்தார்.

"இல்லீங்க சார். அண்ணன் போடச் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

பாண்டுரங்கன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் பேரணிக் கட்டை அவிழ்த்துத் தாள்களை ஒவ்வொன்றாகத் தனியாக எடுத்து வைத்தார். மெஷின்காரரைக் கூப்பிட்டு, மறுபடி அச்சடிக்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். பிறகு, "அஞ்சு மணிக்கு கிளார்க்கக் கேட்டுட்டுப் போ" என்றார்.

ஐந்து மணிக்குக் கிளார்க் வந்தார். காந்திமதி விரல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். "இதுவாம்மா? கட்டம் போடறப்ப ஸ்கேல் வழுக்கிட்ச்சி. பேரு இருக்கணும், எடுக்காதீங்க. போயிட்டவங்க பேர வேற பக்கத்துல செவப்பு மையில அடிச்சாச்சி." அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் போனதும் பாண்டுரங்கன் சொன்னார்: "நீ சொன்னதால கட்டு இங்கயே நின்னுட்ச்சி. அது நல்லதுதான். ஆனா வண்டியில வேலை இனிமே வாணாம். திங்கக்கெழமையிலேர்ந்து பத்துக்கு வா, ஆறுக்குப் போ." அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். சவுரிராயனுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. அவருக்கு வீட்டில் காத்திருக்க யாருமில்லை. எந்த வண்டியானாலும் பேச்சுத்துணை கிடைத்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமை சீனுவாசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ஜெயத்துக்குத் தலை வாரிவிட்டான். "சொல்லாமயே இருந்திருக்கலாம் இல்ல?" என்றான்.

"இருந்திருக்கலாம்."

அவன் சீப்பை வைத்துவிட்டு எழுந்துபோனான். தைக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது. அவன் அதை மனசில் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை ஆறே முக்கால் வண்டியில் விக்கிரவாண்டியில் வெள்ளையம்மாள் ஏறினாள். கரும்பு வெட்டுக்கு வந்தவள், அன்று வேலை நீண்டுவிட்டதாம். காந்திமதி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். வெள்ளையம்மாளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஓட்டா? எனக்கு எங்கம்மா ஓட்டு! அன்னிக்கு மல்லாட்டைக்குக் களை எடுக்கற கூலி வந்துட்ச்சின்னா நான் அங்கதான் கெடப்பேன். அத வுட்டுட்டு லைன்ல நிக்க முடியுமா?"

காந்திமதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதற்காகவா! நாலேகால் வண்டியைத் தூக்கிக் கொடுத்தது இதற்காகவா!

வெள்ளையம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆனா பேரு இப்ப கீதில்ல?"

"கீது."

"அது போதும். உசிரோட இருக்கறவள எடுத்துடக் கூடாதில்ல" என்றாள். அவள் பேரணியில் இறங்கிப்போனாள்.

வண்டி திண்டிவனம் வந்தபோது எட்டுக்கு ஐந்து நிமிஷம். கார்த்திகைப் பனி இறங்கியிருந்தது. காந்திமதி கடைசி ஆளாக இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். லட்சுமியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டுவதும், தூங்குகிற குழந்தையை வாங்குவதும், அது கையைத் தட்டிவிடுவதும் முன்னாலேயே கண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் வெளிவாசலில் யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள். வழி மறிக்கிறோமாக்கும் என்று ஒதுங்கினாள். மறுபடியும் மணி.

சீனுவாசன் நின்றிருந்தான். ஒரு கையில் சைக்கிள். தோளில் ஜெயம், நல்ல தூக்கம்.

"மண்டியில?" என்றாள்.

"காலையில அர மணி முன்னாடி வர்றேன், ராத்திரி ஏழரைக்கு வுடுங்கன்னு கேட்டேன். லாரி வர்ற நாள்ல முடியாதுன்னுட்டாரு. மத்த நாளு சரின்னாரு."

"லாரி எத்தினி நாளு வரும்?"

"வாரத்துல ரெண்டு நாளு வரும். சீசன்ல மூணு."

காந்திமதி, வந்த சந்தோஷத்தை அவனிடம் காட்டத் தெரியாமல் சண்டைக்குப் போனாள். "இன்னா பனி பெய்யுது, கொழந்த தலையில ஒரு துணியக்கூடப் போடாம இட்டுக்கினு வந்து நிக்கிறீங்களே, அறிவு கீதா? நாளைக்கு சளி புடிச்சா ஆரு பாக்கறது?"

"நீதான்" என்றான் அவன். "இன்னிக்கி சாயங்காலமெல்லாம் ஒன்னியத்தான் கேட்டுக்கினு இருந்துச்சாம். வூட்ல தூங்கறதுக்கு இங்க வந்து தூங்கட்டுமேன்னு இட்டாந்தேன்."

காந்திமதி முந்தானையை உதறிக் குழந்தை தலையில் போர்த்திக் கையில் வாங்கினாள். ஜெயம் கண்ணைத் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அம்மா முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.